சனிக்கிழமை 12:20 விமானத்துக்குச் சனிக்கிழமை ராத்திரி போனவர்கள்

கேள்வி: நாங்கள் நான்கு பேர், ஒரே அலுவலகம். வார இறுதியில் பக்கத்து நாட்டுக்குப் போய்வர மூன்று மாதம் முன்பே போகவும் வரவும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தோம். விமானம் சனிக்கிழமை 12:20 ஏ.எம். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கே விமான நிலையம் போய்விட்டோம். “உங்கள் விமானம் நேற்று ராத்திரியே போய்விட்டது” என்றார்கள். விடக்கூடாது என்று அங்கேயே நின்று, ஒரு மலிவு விமானத்தில் போவதற்கு மட்டும் டிக்கெட் வாங்கிப் பறந்தோம். அது இறக்கிவிட்ட இடத்துக்கும் ஊருக்கும் நூறு கிலோமீட்டர். பஸ் பிடித்துப் போய் ஒரு பாலத்தைப் பார்த்துவிட்டு, ஞாயிறு மாலை திரும்பும் விமானத்துக்கு வந்தால், “நீங்கள் போகும்போது வராததால் வரும் டிக்கெட்டும் ரத்தாகிவிட்டது” என்றார்கள். மூன்றாவது தடவையாக டிக்கெட் வாங்கி ஊர் திரும்பினோம். பணம் கட்டிய டிக்கெட்டை எங்களைக் கேட்காமல் ரத்து செய்யலாமா? அந்தப் பணம் திரும்ப வருமா? ஹோட்டல் பணமாவது வருமா? ‘ரீஃபண்ட் நிபுணர்’ என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்து, முழுப் பணமும் வாங்கித் தருகிறேன், கால் பங்கு கமிஷன், கோப்புக் கட்டணம் மட்டும் முன்கூட்டியே வேண்டும் என்கிறார். கொடுக்கலாமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நால்வரில் ஒருவர் இன்னும் கழுத்துத் தலையணையைக் கழற்றவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கார்டின் படத்தையோ ஓடிபி எண்ணையோ அனுப்பியிருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு வங்கியைக் கூப்பிட்டுக் கார்டை முடக்குங்கள். அப்புறம் வந்து மீதியைப் படிக்கலாம்.

முதல் டிக்கெட்டின் கட்டணம் வராது. அதில் இருந்த வரிகளில் ஒரு பகுதி வரும், அதுவும் நீங்கள் கேட்டால்தான். அந்தத் தொகை பெரிதாக இருக்காது. ஆனால் உங்களுடையது, யாருக்கும் கால் பங்கு கொடுக்காமல் நீங்களே வாங்கலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

தேதிக் குழப்பத்துக்காக ஒருவரையொருவர் திட்டிக்கொள்ள வேண்டாம். இருபத்தாறு வருடமாக டிக்கெட் போடுகிறேன். வார இறுதிப் பயணங்களில் நான் பார்த்த தவறுகளில் இதுதான் மூத்தது. பேச்சு வழக்கில் வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் விடிகிறவரை வெள்ளிதான். கணினிக்கு நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம் ஆனாலே சனி. இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் இருக்கிற ஐந்தாறு மணி நேரத்தில்தான் ஜனங்கள் விமானத்தைத் தொலைக்கிறார்கள். உங்கள் குழுவில் ஒருவர் “டிக்கெட்டில் சனிக்கிழமை என்று இருந்தது, சனிக்கிழமைதானே வந்தோம்” என்று கவுன்ட்டரில் வாதாடினாராமே. அவர் சொன்னது சரிதான். இருபது மணி நேரம் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தார், அவ்வளவுதான். என்னிடம் வருகிறவர்களுக்கு விமானம் புறப்படும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்வேன். ‘வெள்ளி, ராத்திரி எட்டு, வாசலில் வண்டி’ என்று எழுதினால் குழப்பம் வராது.

சரி, திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்யலாமா? செய்யலாம். நீங்கள் படிக்காமல் ‘சம்மதம்’ அழுத்திய நிபந்தனைகளில் அது இருக்கிறது. பயணங்களை வரிசையாகத்தான் பயன்படுத்த வேண்டும், முதலாவதைத் தவறவிட்டால் மீதி செல்லாது என்று இருக்கும். ஏர்லைன்ஸ்காரர்கள் இதை நோ-ஷோ என்பார்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் டிக்கெட் என்பது ஒரு சின்னப் புத்தகம். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு தாள், முதுகில் சிவப்புக் கார்பன் பூச்சு, தொட்டால் விரலில் ஒட்டும். அந்தத் தாளுக்குக் கூப்பன் என்று பெயர். கவுன்ட்டரில் ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு புத்தகத்தைத் திருப்பித் தருவார்கள். முதல் கூப்பன் கிழிபடாமல் இரண்டாவதை நீட்டினால் வாங்க மாட்டார்கள். விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா 2008 ஜூன் 1 முதல் காகித டிக்கெட்டை ஒழித்துவிட்டது. தாள் போனது, கார்பன் போனது, கூப்பனும் வரிசையும் மட்டும் கணினிக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. முன்பு கிழிக்க ஓர் ஆள் வேண்டும், அவரிடம் கெஞ்சவாவது முடியும். இப்போது விமானம் கிளம்பிய சற்று நேரத்தில் கணினியே மீதிப் பயணங்களைத் தூக்கிவிடுகிறது. சனிக்கிழமை ராத்திரி நீங்கள் கவுன்ட்டரில் நின்றபோதே உங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

ஏன் இப்படி ஒரு விதி என்று கேட்பீர்கள். திங்கள் போய் வியாழன் திரும்புகிற அலுவலகப் பயணி எவ்வளவு விலை சொன்னாலும் கொடுப்பார், பணம் கம்பெனியுடையது. அவர் மலிவு டிக்கெட் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக, மலிவுக் கட்டணங்களுக்குச் ‘சனிக்கிழமை ராத்திரி அங்கே தங்க வேண்டும்’ என்று ஒரு நிபந்தனையைப் பல காலமாக வைத்திருந்தார்கள், இன்னும் சில தடங்களில் இருக்கிறது. அதன் விளைவு, போக மட்டும் எடுத்தால் ஒரு விலை, போகவும் வரவும் சேர்த்து எடுத்தால் அதைவிடக் குறைந்த விலை என்கிற விநோதம். இரண்டு இட்லி ஒரு இட்லியை விட மலிவு என்றால் யார்தான் ஒன்று வாங்குவார்கள்? ஜனங்கள் சேர்த்து வாங்கி, வேண்டாத பாதியைத் தூக்கிப் போட்டார்கள். அதைத் தடுக்க வந்ததுதான் இந்த வரிசை விதி. ஆக, தந்திரக்காரர்களுக்கு விரித்த வலையில் தேதி மறந்த நீங்கள் நால்வர் விழுந்திருக்கிறீர்கள்.

எனக்கு எரிச்சல் விதி மேல்கூட இல்லை. பயணத்துக்கு முன்னால் ஜன்னலோர இருக்கை வேண்டுமா, கூடுதல் பெட்டி வேண்டுமா, கார் வேண்டுமா என்று எத்தனை குறுஞ்செய்தி வந்திருக்கும்? ‘நீங்கள் விமானத்தில் ஏறவில்லை, உங்கள் திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்கிறோம்’ என்று ஒரு வரி வந்ததா? அதே கணினி, அதே செல்போன் எண். சனிக்கிழமை ராத்திரி கவுன்ட்டரில் இருந்தவராவது “திரும்பும் டிக்கெட் என்ன ஆச்சு என்று பாருங்கள்” என்று சொல்லியிருக்கலாம். அப்போதே கேட்டிருந்தால், வித்தியாசத் தொகை கட்டிச் சரிசெய்ய ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். ஞாயிறு மாலை அது இல்லை. ஜெர்மனியின் மிக உயர்ந்த சிவில் நீதிமன்றம் 2010இல் இந்த விஷயத்தைப் பார்த்து, மீதிப் பயணத்தை ஒட்டுமொத்தமாகச் செல்லாது என்பது பயணிக்கு அநியாயம் என்று சொல்லிவிட்டது. அதற்கப்புறமும் உலகம் முழுக்க இந்த விதி சுகமாகத்தான் இருக்கிறது. தீர்ப்பை வைத்துக்கொண்டு நீங்கள் கவுன்ட்டரில் எதுவும் செய்ய முடியாது.

இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதை ஆற அமரச் சொல்கிறேன், அடுத்த தடவை உங்களைக் காப்பாற்றப் போவது இதுதான். இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால்தான் வரிசை விதி பிடிக்கும். போக ஒரு டிக்கெட், வர வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக இருந்தால் முதலாவதைத் தவறவிட்டாலும் இரண்டாவதுக்கு ஒன்றும் ஆகாது. மலிவு விமான நிறுவனங்கள் பெரும்பாலும் ஒவ்வொரு பயணத்தையும் தனியாகத்தான் விற்கின்றன. அங்கே ஒரே பதிவில் போகவும் வரவும் எடுத்தாலும் போகாத பயணம் வரும் பயணத்தைப் பொதுவாகத் தொடாது. பொதுவாக என்றுதான் சொல்கிறேன், நிபந்தனையைப் பாருங்கள்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பிஎன்ஆர் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த ஆறு எழுத்து ஒன்றாக இருப்பதால் டிக்கெட் ஒன்று என்று ஆகாது. இ-டிக்கெட் ரசீதைத் திறந்து ‘டிக்கெட் எண்’ என்று போட்டிருக்கும் இடத்துக்குப் போங்கள். பதின்மூன்று இலக்கம் இருக்கும். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு. 220 என்றால் லுஃப்தான்சா, 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 098 என்றால் ஏர் இந்தியா. போவதற்கும் வருவதற்கும் பதின்மூன்று இலக்கமும் ஒன்றாக இருந்தால் அது ஒரே டிக்கெட், இரண்டு கூப்பன். ஒன்று போனால் மற்றதும் போகும். ஆளுக்கு இரண்டு எண் இருந்தால் இரண்டு டிக்கெட். ஆளுக்கு என்பதைக் கவனியுங்கள். நான்கு பேருக்கு நான்கு எண் இருப்பதைப் பார்த்து ‘தனித்தனி’ என்று முடிவு செய்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஒருவர் பெயருக்கு நேராக எத்தனை எண் என்பதுதான் கணக்கு. டிக்கெட் எண்ணே இல்லாமல் பதிவு எண் மட்டும் இருந்தால் அது அநேகமாக மலிவு நிறுவனத்தின் வகை. இடைத்தரகு இணையதளங்களில் இன்னொரு கூத்து. போவது ஒரு நிறுவனம், வருவது வேறு நிறுவனம், திரையில் ‘போகவர’ என்று ஒரே விலை. பார்க்க ஒரே டிக்கெட் மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் குழப்பம் உங்களுக்கு லாபம். உங்கள் டிக்கெட் அந்த ரகம் இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் ஆளுக்கு ஒரு எண்தான் இருக்கிறது.

இப்போது பணம். ரசீதில் கட்டணத்துக்குக் கீழே இரண்டெழுத்துக் குறியீடுகளோடு ஒரு நீண்ட வரிசை இருக்கும். அதில் விமான நிலையக் கட்டணமும் அரசு வரியும் நீங்கள் உண்மையில் புறப்பட்டால்தான் பெரும்பாலும் கட்ட வேண்டியவை. நீங்கள் புறப்படவே இல்லை, அதனால் கேட்கலாம். பிரிட்டனிலிருந்து புறப்படும் பயணிகளிடம் வாங்குகிற வரி, ஜிபி என்ற குறியீட்டில் வருவது, இதற்குப் பெயர் போனது. ஆனால் வொய்க்யூ, வொய்ஆர் என்று இருப்பதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அது விமான நிறுவனம் தனக்காகப் போட்டுக்கொள்ளும் சர்சார்ஜ், வரி வரிசையில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பணம் திரும்பத் தராத வகை டிக்கெட்டில் அதுவும் பெரும்பாலும் வராது. பல டிக்கெட்டுகளில் அந்த வரிசையில் கொழுத்த தொகை அதுதான், எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

விமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கியிருந்தால் அவர்கள் இணையதளத்திலேயே ரீஃபண்ட் படிவம் இருக்கும். டிக்கெட் எண்ணைப் போட்டு, ‘பயன்படுத்தாத டிக்கெட், திரும்பத் தரக்கூடிய வரிகள் மட்டும்’ என்று எழுதுங்கள். கதை எழுத வேண்டாம். பாலம், பஸ், தலையணை எதுவும் வேண்டாம். முழுப் பணம் கேட்டு நான்கு பக்கம் எழுதினால் ‘நிபந்தனைப்படி மறுக்கப்பட்டது’ என்று ஒரு வரியில் மூடிவிடுவார்கள், வரிப் பணமும் அதோடு போகும். நால்வருக்கும் நான்கு டிக்கெட் எண், நான்கு விண்ணப்பம். டிக்கெட் எடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் தாண்டினால் வம்பு, அதற்கு முன் முடித்துவிடுங்கள். ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தால் அவரிடம் போ என்பார்கள். அவர் விமான நிறுவனத்திடம் போ என்பார். இந்தப் பந்தாட்டத்துக்கு முடிவு எழுத்தில்தான். ‘விற்றவர் நீங்கள், வரி விண்ணப்பத்தை இன்று போட்டுவிட்டு அதன் எண்ணைத் தாருங்கள்’ என்று மின்னஞ்சல் அனுப்புங்கள்.

உங்கள் ‘நிபுணர்’ ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. உங்களில் ஒருவர் இந்தக் கதையை நகைச்சுவையாக எழுதி, பயன்படாமல் போன போர்டிங் பாஸையும் படமெடுத்துப் போட்டிருக்கிறார், இல்லையா? பெயரைக் கட்டைவிரலால் மறைத்திருக்கிறார். பார்கோடை மறைக்கவில்லை. அந்தக் கோட்டுக்குள் பெயர், பிஎன்ஆர், விமான எண் எல்லாம் இருக்கிறது, செல்போனில் ஒரு செயலி வைத்தே படித்துவிடலாம். குடும்பப் பெயரும் ஆறெழுத்தும் கிடைத்தால் எவரும் உங்கள் பதிவுக்குள் நுழையலாம். அதனால்தான் அவர் உங்கள் விமான எண்ணைச் சரியாகச் சொன்னார், நீங்களும் ‘ஆள் விவரமானவர்’ என்று நம்பிவிட்டீர்கள்.

அவர் உங்களுக்கு ‘ஐரோப்பியச் சட்டப்படி ஆளுக்கு 600 யூரோ’ என்று ஒரு பக்கம் அனுப்பியிருக்கிறார். சட்டம் நிஜம். 2004ஆம் ஆண்டின் 261ஆம் விதி, தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ. அது விமானம் ரத்தானால், வெகுநேரம் தாமதமானால், இடம் இல்லை என்று உங்களைத் தடுத்தால், அதுவும் ஐரோப்பாவோடு சம்பந்தப்பட்ட விமானமானால். தேதி மறந்தவருக்கு அதில் பத்து காசு இல்லை. உங்கள் பயணம் ஐரோப்பாவின் பக்கமே போகவில்லை என்பதை அவர் கவனிக்கவும் இல்லை.

அவர் பணம் பண்ணும் வழி இரண்டு. கோப்புக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போவது ஒன்று. இன்னொன்று கொஞ்சம் நாகரிகமானது. எப்படியும் வரக்கூடிய வரித் தொகைக்கு அவர் விண்ணப்பம் போடுவார், வந்ததும் ‘போராடி இவ்வளவு வாங்கினேன்’ என்று கால் பங்கை எடுத்துக்கொள்வார். எங்கள் தொழிலும் யோக்கியம் இல்லை, சொல்லிவிடுகிறேன். ஏஜென்ட் மூலம் போட்ட டிக்கெட்டின் ரீஃபண்ட் பெரும்பாலும் ஏஜென்ட் கணக்குக்குத்தான் வரும். நான் வேலை பழகிய இடத்தில் மாதக் கடைசியில் நோ-ஷோ டிக்கெட்டுகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, பயணிக்குத் தெரியாமலேயே வரியைத் திரும்பக் கேட்பார்கள். பயணி கேட்க மாட்டார், தேதி மறந்த வெட்கம். அந்த நோட்டை எழுதியது நான்தான். ஆகவே ஏஜென்ட் ‘ஒன்றும் வராது’ என்று யோசிக்காமல் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம். ‘வாடிக்கையாளர் சேவை எண்’ என்று தேடினால் முதலில் வருகிற விளம்பர எண்ணையும் கூப்பிடாதீர்கள். எண் டிக்கெட்டின் மேலேயே இருக்கிறது.

நூறு கிலோமீட்டர் தள்ளி இறங்கியதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஃப்ராங்க்ஃபர்ட் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் ஹான் விமான நிலையம் ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். ஸ்டாக்ஹோமின் ஸ்காவ்ஸ்டா சுமார் 100, பாரிஸின் போவே சுமார் 85. எல்லாம் சட்டப்படிதான் நடக்கிறது. விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை வரைபடத்தில் போட்டுப் பார்ப்பதுதான் வழி. ஆறுதலுக்கு ஒன்று: 2002இல் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குக் கிளம்பிய ஒரு பிரிட்டிஷ் ஜோடி கனடாவில் இருக்கிற சிட்னியில் போய் இறங்கியது. நீங்கள் நாட்டையாவது சரியாகப் பிடித்தீர்கள்.

ஹோட்டல் பணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அங்கேயும் முதல் ராத்திரி வராதவருக்கு மீதி ராத்திரியும் இல்லை என்பதுதான் வழக்கம். கேட்டுப் பாருங்கள், நம்பிக்கை வைக்காதீர்கள். காப்பீடும் அப்படித்தான். வழியில் ரயில் நின்றால் தரும், நாட்காட்டி பார்க்க மறந்தால் தராது.

கடைசியாக உங்கள் மூன்றாவது டிக்கெட். ஞாயிறு மாலை ‘ஒரு வழியை விட இரு வழி மலிவாக இருந்தது, அதையே வாங்கி ஒரு பாதியில் வந்துவிட்டோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது, எந்தத் தந்திரத்தைத் தடுக்க உங்கள் முதல் டிக்கெட்டை ரத்து செய்தார்களோ அதையே செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள். மிஞ்சியிருப்பது கடைசிப் பாதிதான், அதற்கப்புறம் ரத்து செய்ய ஒன்றும் இல்லை. நிபந்தனைக்கு விரோதம்தான், ஆனால் வார இறுதிப் பயணி ஒருவரை இதற்காகத் துரத்தி வந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பாதியிலும் புறப்பாட்டு வரி இருக்கும். அந்த நாள் தாண்டியதும் அதே படிவத்தில் அதையும் கேளுங்கள். எந்த நாளுக்குப் போட்டீர்கள் என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், 12:20 ஏ.எம். என்று இருந்தால் எனக்கு எழுதுங்கள்.